எந்தச் சான்று நமக்கு ஏற்றது?

கோலார் மாவட்டத்துப் பங்காரப்பேட்டை வட்டத்தில் பூதிகோட்டை என்றோர் ஊர் இருக்கிறது. மைசூரை ஆண்ட ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு அதனைக் குறிக்கும். ஊரை அடுத்து மார்க்கண்டேய நதியின் அணை, கிழக்கே தங்கவயல், தெற்கே சிறிது தொலைவு சென்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லை. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே சந்தையில் விலை பேசும் நாடு அது. கோலாரின் தக்காளிச் சந்தை நாடறிந்த ஒன்று; சீனிவாசபுரத்து மாம்பழமும் அவ்வாறே. விலை ஏறிய பருவத்தில் தக்காளிக்குக் காவல் போடுவார்கள். விலை வீழ்ந்த பருவத்திலோ அதே தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

அண்மையிலுள்ள தங்கவயலின் கதையை நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் சென்ற தமிழ் மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே பூமிக்கடியில் உழைத்தார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பலர் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். ஊரை விட்டுப் பெயராதார்க்கும், பெயர இயலாதார்க்கும், கைவசம் இருந்த தொழில்களுள் ஒன்று சமையல். ஊறுகாய், தொக்கு, அப்பளம், பொடி வகைகள் ஆகியவற்றைச் செய்து விற்பதற்குப் பெருமுதல் தேவையில்லை. 2020-இல் மத்திய அரசு குறு உணவுத் தொழில்களுக்கென ஒரு திட்டம் வகுத்து, மாவட்டத்துக்கு ஒரு விளைபொருள் என்று பகுத்தபோது, கோலாருக்குத் தக்காளியே குறிக்கப்பட்டது.

இனி ஒரு குடும்பத்தை மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். பூதிகோட்டைக்கு அருகே ஓர் அம்மையார், தம் கணவரின் சேமிப்பைக் கொண்டு, நான்கு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தக்காளித் தொக்கும் மாங்காய் ஊறுகாயும் செய்து விற்கிறார். சரக்கு நன்றாகப் போகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் வந்து, “அத்தை, ஐ.எஸ்.ஓ. வாங்கிவிடுங்கள், பெரிய கடைகளில் வைத்துக்கொள்வார்கள்” என்கிறான். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் வணிகர் ஒருவர், “பி.ஆர்.சி. இல்லாமல் இலண்டனில் ஒரு புட்டிகூட விலை போகாதம்மா” என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, “அரசாங்க நம்பர் இருக்கிறதல்லவா, அது போதும்” என்று முடித்துவிடுகிறார். மூவரும் நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களே. ஆனால் கையிலிருக்கும் பணம் ஒரு வழிக்கே போதும். தவறான வழியில் அதைச் செலவிட்டால் சுவரில் மாட்ட ஒரு காகிதம் கிடைக்கும். கொதிகலம் வாங்கவோ, தண்ணீரைச் சோதிக்கவோ பணம் இராது. ஆகவே எந்தச் சான்று யாருக்கு ஏற்றது என்பதை அறிதல், இத்தகைய குடும்பங்களுக்கு வாழ்வைப் பற்றிய கேள்வியாகும்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் வேண்டும். சட்டம் கேட்பது ஒன்று. வாங்குவோர் கேட்பது மற்றொன்று. சட்டம் கேட்பதில் நமக்குத் தேர்வு என்பதே இல்லை. வாங்குவோர் கேட்பதில்தான் தேர்வுக்கு இடம் உண்டு.

நம் நாட்டில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் இயற்றப்பட்டது. பழச்சாறு, ஊறுகாய், பழப்பாகு முதலியவற்றுக்கென 1955-இல் ஒரு தனி ஆணை பிறந்தது. பழைய புட்டிகளில் காணப்பட்ட எப்.பி.ஓ. என்னும் முத்திரை அதன் அடையாளம். இவை யாவும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தில் அடங்கின. இச்சட்டத்தின் விதிமுறைகள் 2011 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தன. எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று வழங்கப்படும் ஆணையம் இதனை நடத்துகிறது. விற்றுமுதலின் அளவுக்கும் பொருளின் தன்மைக்கும் ஏற்பச் சிறியோர் பதிவும், அவரினும் பெரியோர் மாநில உரிமமோ மத்திய உரிமமோ பெறுதல் வேண்டும். புட்டியின் மேல் அச்சிடப்படும் 14 இலக்க எண் இதுவே.

இவ்வெண்ணைப் பலர் ஒரு பாராட்டுப் பத்திரமாக எண்ணிவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று. வண்டி ஓட்டுவோர்க்கு ஓட்டுநர் உரிமம் எப்படியோ, உணவு செய்வோர்க்கு இவ்வெண் அப்படி. இது வெறும் எண்ணோடு நிற்பதுமில்லை. உரிம விதிகளின் 4-ஆம் அட்டவணை, கட்டடம், தண்ணீர், கழிவு, பூச்சித் தடுப்பு, பணியாளர் உடல்நலம், பாத்திரத் தூய்மை ஆகியவை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று விரிவாகக் கூறுகிறது. உரிமம் பெற்ற உற்பத்தியாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் தம் பொருளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தல் வேண்டும். இவற்றைச் சரிவரச் செய்தவர், பின்னால் வேறெந்தச் சான்றுக்கு முயன்றாலும் பாதி வழியைக் கடந்தவராவார். இவற்றைச் செய்யாமல் மேலான சான்றை நாடுவோர், அடித்தளம் போடாமல் மாடி கட்ட முனைவோரை ஒப்பர்.

அக்மார்க் என்னும் முத்திரையை நேயர்கள் நன்கறிவர். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த அம்முத்திரை, நெய், தேன், மிளகாய்த்தூள் போன்ற வேளாண் பொருள்கள் இன்ன தரத்தைச் சேர்ந்தவை என்று உறுதி கூறுவது. பெரும்பாலான பொருள்களுக்கு அது கட்டாயமன்று, விரும்புவோர் பெறலாம். நம் நாட்டு இல்லத்தரசிகளிடையே அதற்கு இன்னும் மதிப்பு உண்டு. எனினும் அக்மார்க் பேசுவது பொருளின் தரத்தைப் பற்றியே. அப்பொருள் செய்யப்பட்ட கூடத்தில் ஒவ்வொரு நாளும் எத்தகைய காவல் இருந்தது என்பதைப் பற்றிப் பேசுவன வேறு வகைச் சான்றுகள். அவற்றின் வேர் எங்கே தோன்றியது என்பதை அறிந்துகொண்டால், கிளைகளைக் கண்டு மருள வேண்டியதில்லை.

1959-ஆம் ஆண்டை ஒட்டி, விண்வெளிக்குச் செல்லும் வீரர்க்கு உணவு செய்யும் பொறுப்பு அமெரிக்காவில் பில்ஸ்பரி என்னும் மாவு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வானத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவர் ஏது? ஆகவே உணவில் ஒரு நுண்கிருமியும் தீங்கு செய்தலாகாது. செய்து முடித்த உணவைச் சோதித்து இதனை உறுதிப்படுத்த முயன்றபோது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. சோதனைக்காக உடைத்த பொட்டலம் உண்ண உதவாது. முழு உறுதி வேண்டுமாயின் பெரும்பகுதியை உடைத்தல் வேண்டும். எனவே அவர்கள் சிந்தனையைத் திருப்பினார்கள். முடிவில் சோதிப்பதைவிட, தீங்கு எந்தப் படியில் நுழையக்கூடும் என்று முன்னரே ஆய்ந்து, அந்தப் படியிலேயே காவல் வைப்பது மேல் என்று கண்டார்கள்.

தங்கவயல் மக்களுக்கு இக்கருத்துப் புதிதன்று. மாலையில் மேலேறி வரும் ஆள்களை எண்ணிப் பார்ப்பது மட்டும் சுரங்கப் பாதுகாப்பாகாது. கூண்டு இறங்குமுன் கம்பிவடத்தைப் பார்ப்பதும், பாறையின் ஓசையைக் கேட்பதும், காற்றோட்டத்தை அளப்பதுமே பாதுகாப்பு. உணவுக்கும் அதே நெறிதான். ‘இடர்ப் பகுப்பாய்வும் முக்கியக் கட்டுப்பாட்டு நிலைகளும்’ என்று தமிழில் கூறத்தக்க இம்முறையைத் தொழிலில் உள்ளோர் ‘ஹாசப்’ என்று சுருக்கமாக அழைப்பர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் சேர்ந்து 1963-இல் அமைத்த கோடெக்ஸ் ஆணையம், 1993-இல் இதனை உலகப் பொது நெறியாக ஏற்றுக்கொண்டது.

இம்முறையில் ஏழு படிகள் உண்டு. தீங்குகளை ஆராய்தல், எந்தப் படியில் காவல் இன்றியமையாதது என்று தேர்தல், அங்கே மீறலாகாத எல்லையை வகுத்தல், அதனைக் கண்காணித்தல், எல்லை மீறினால் செய்யவேண்டுவதை முன்னரே முடிவுசெய்தல், முறை உண்மையில் பயன் தருகிறதா என்று சரிபார்த்தல், எல்லாவற்றையும் எழுதி வைத்தல் என்பன அவை. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினும், நாம் கற்பனை செய்த அம்மையாரின் கூடத்தில் இதனைப் பொருத்திப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதலில் தண்ணீர். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்காண்டு ஆழமாகின்றன. பல இடங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. நம் நாட்டுக் குடிநீர்த் தரநிலை ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளூரைடை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராமை மேல் எல்லையாகவும் வைத்துள்ளது. 2018 முதல், பெங்களூரின் கழிவுநீர் இரண்டாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட்டு, நிலத்தடி நீரைப் பெருக்கும் பொருட்டுக் கோலார் மாவட்டத்து ஏரிகள் பலவற்றில் விடப்படுகிறது. ஆகவே அம்மையார் தம் கிணற்று நீரின் இயல்பைச் சோதித்து அறிதல் முதற்கடமை. மணமில்லாமையும் தெளிவும் மட்டும் நீருக்குச் சான்றாகா.

அடுத்தது காற்று. தங்கவயலில் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய அரைமண், சயனைடு மேடுகள் என்ற பெயரோடு இன்றும் குன்றுகளாக நிற்கிறது. காற்று வீசும் பருவத்தில் அதன் புழுதி எழுந்து பறக்கும். அம்மேடுகளுக்கு அருகே மாங்காயை வெயிலில் உலர்த்துவோர், திறந்த வெளியில் பாய் விரித்தல் தகாது. தரநிலை நூல் எதுவும் தங்கவயலைக் குறித்து எழுதியிராது. தம் ஊரின் தீங்கைத் தாமே கண்டு எழுதுவது அங்கே தொழில் செய்வோரின் வேலை. ஹாசப் முறையின் உயிர்நிலையும் அதுவே.

மூன்றாவது, எல்லாவற்றினும் முதன்மையானது, புளிப்பு. தொக்கின் மேல் எண்ணெய் மிதந்தால் கெடாது என்பது நம் வீடுகளில் வழிவழி வந்த நம்பிக்கை. அது பாதி உண்மை. எண்ணெய் பூஞ்சணத்தைத் தடுக்கும். ஏனெனில் பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும். ஆனால் போட்டுலினம் என்னும் கொடிய நச்சுக் கிருமி காற்றில்லாத இடத்திலேதான் வளரும். அதனைத் தடுப்பது புளிப்பு. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருப்பின் அக்கிருமி வளராது. தக்காளியோ இவ்வெல்லையை ஒட்டி நிற்கும் காய். இனத்துக்கும் பழுப்பின் அளவுக்கும் ஏற்ப அதன் புளிப்பு மாறும். ஆகவே புளியோ வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து, ஒவ்வொரு கொப்பரையிலும் பி.எச். 4.2-க்கு மேற்படலாகாது என்று அம்மையார் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளலாம். சிறு கருவியால் அளந்து, நாள், நேரம், அளவு ஆகியவற்றை நோட்டில் குறித்து, எல்லை மீறிய கொப்பரையைத் திரும்பப் புளிப்பேற்றிக் காய்ச்ச வேண்டும். அல்லது கொட்டிவிட வேண்டும். இதுவே ‘முக்கியக் கட்டுப்பாட்டு நிலை’. இந்த நோட்டுப் புத்தகம் எந்தச் சான்றிதழினும் மதிப்பு மிக்கது.

வேரைக் கண்டோம், இனி, அதிலிருந்து எழுந்த கிளைகளைக் காண்போம்.

முதலாவது ஐ.எஸ்.ஓ. 22000. இத்தரநிலை 2005-இல் வெளிவந்து 2018-இல் திருத்தப்பட்டது. ஹாசப் முறையை ஒரு நிறுவன நிருவாகத்தோடு இணைப்பது இதன் நோக்கம்: பொறுப்பு யாருடையது, பயிற்சி எவ்வாறு, தவறு நேர்ந்தால் சரக்கைத் திரும்பப் பெறுவது எங்ஙனம் என்பன போன்றவற்றை இது வரையறுக்கும். பண்ணை முதல் பொட்டலம் செய்வோர் வரை எவரும் இதனைப் பெறலாம். சான்று மூன்றாண்டுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. உள்நாட்டு விடுதிகள், மருத்துவமனைகள், உணவுக்கூடங்கள் ஆகியவற்றுக்குச் சரக்கு வழங்க விரும்புவோர்க்கு இது பெரும்பாலும் போதுமானது.

இரண்டாவது எப்.எஸ்.எஸ்.சி. 22000. உலகின் பெரும் சில்லறை வணிகர்களும் உற்பத்தியாளர்களும் 2000-இல் ஜி.எப்.எஸ்.ஐ. என்றோர் அமைப்பைத் தோற்றுவித்தனர். எந்தெந்தச் சான்றுத் திட்டங்களை ஒன்றற்கொன்று ஈடாக ஏற்கலாம் என்று அது அறிவிக்கும். ஐ.எஸ்.ஓ. 22000 தனித்து நிற்கையில் அப்பட்டியலில் இடம் பெறவில்லை. அதனோடு, தொழிற்கூடத்தின் அடிப்படைத் தூய்மை குறித்த விரிவான விதிகளையும், வேறு சில கூடுதல் நிபந்தனைகளையும் சேர்த்து உருவாக்கியதே எப்.எஸ்.எஸ்.சி. 22000. இதில் முன்னறிவிப்பின்றி வரும் தணிக்கையும் உண்டு. பெயர்கள் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றென மயங்குவோர் பலர். ஐ.எஸ்.ஓ. 22000 பெற்றபின், வாங்குவோர் கேட்டது மற்றொன்று என அறிந்து வருந்துவதில் பயனில்லை.

மூன்றாவது வகை, குறிப்பிட்ட நாட்டு வணிகர் விரும்புவன. பி.ஆர்.சி. தரநிலை 1998-இல் பிரிட்டிஷ் சில்லறை வணிகர்களால் வெளியிடப்பட்டது, இன்று பி.ஆர்.சி.ஜி.எஸ். என்ற பெயரில் வழங்குகிறது. சான்று பொதுவாக ஓராண்டுக்கே. தணிக்கையில் கண்ட குறைகளுக்கு ஏற்பத் தரவரிசை எழுத்துகளும் உண்டு. ஐ.எப்.எஸ். என்பது செருமானிய, பிரெஞ்சு வணிகரிடையே செல்வாக்குடையது. எஸ்.க்யூ.எப். என்பது அமெரிக்காவில் மிகுதியாகக் கேட்கப்படுவது. இவை யாவும் ஜி.எப்.எஸ்.ஐ. ஏற்றவையே. இவற்றுள் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்று வாதிடுவதைவிட, நம் சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கப் போகிறது என்று கேட்பது பொருத்தம்.

எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரியைப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கும், அடுத்துள்ள சித்தூரிலும், மாம்பழக்கூழ் ஆலைகள் பல உள்ளன. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாம்பழமே அவற்றின் முதன்மை மூலப்பொருள். கூழ் சவுதி அரேபியாவுக்கும் பிற வளைகுடா நாடுகளுக்கும் நெதர்லாந்துக்கும் செல்கிறது. நம் நாட்டிலே பெரும் குளிர்பான நிறுவனங்களுக்கும் செல்கிறது. குளிர்பான நிறுவனம் பெரும்பாலும் எப்.எஸ்.எஸ்.சி. கேட்கும். வளைகுடா வணிகர் அதனோடு ஹலால் சான்றும் கேட்பர். இங்கிலாந்துப் பெருங்கடைக்குத் தம் பெயரிட்ட பொட்டலம் செய்து தருவோரிடம் பி.ஆர்.சி. கேட்பர். ஒரே பழம், ஒரே கூழ். ஆயினும் வாங்குபவர் மாறச் சான்றும் மாறுகிறது. மற்றொரு நுட்பமும் உண்டு. மாம்பழப் பருவம் சில மாதங்களே நீடிக்கும். தணிக்கையாளர் ஆலை ஓடுவதைக் கண்ணால் காணவேண்டும் ஆதலின், பருவத்துக்கு முன்னரே விண்ணப்பித்து ஆயத்தமாக வேண்டும். பருவம் தப்பினால் ஓராண்டு தப்பிற்று என்க.

ஆகவே தேர்ந்தெடுக்க விரும்புவோர் மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ளல் நலம்.

முதற் கேள்வி: என் சரக்கை வாங்குபவர் யார்? ‘வாங்கக்கூடும்’ என்று கனவில் நிற்பவரன்று. இன்று வாங்குபவரும், ஓராண்டுக்குள் வாங்குவதாக எழுதித் தருபவருமே கணக்கு. அவரிடம், “எந்தத் தரநிலை, எந்தப் பதிப்பு, எந்தத் தேதிக்குள்?” என்று எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இரண்டாம் கேள்வி: என் பொருளில் உள்ள தீங்கு எது? அப்பளத்துக்கு ஈரமும் பூஞ்சணமும், கடலைப் பொருளுக்கு அஃப்லடாக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு, தொக்குக்குப் புளிப்பு, இட்லி மாவுக்கு வெப்பமும் நேரமும். இதற்கு விடை தெரியாதவர்க்கு எச்சான்றும் துணை செய்யாது.

மூன்றாம் கேள்வி: மூன்றாண்டுக்கு இதனைத் தாங்க முடியுமா? சான்றுக்கான செலவு முதல் நாள் கட்டணத்தோடு முடிவதில்லை. ஆலோசகர் ஊதியம், கட்டடத் திருத்தம், ஆய்வுக்கூடக் கட்டணம், ஆண்டுத் தணிக்கை, பயிற்சி, எழுத்து வேலைக்கு ஓர் ஆள் என்று அது தொடரும். முதலாண்டு பெற்று மறு ஆண்டு கைவிட்ட சான்று, பெறாத சான்றினும் கேடு. வாங்குபவர், “ஏன் கைவிட்டீர்கள்?” என்று கேட்பார் அல்லவா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தணிக்கைக்கு வராமலே, பணம் கட்டிய ஓரிரு நாளில் ஐ.எஸ்.ஓ. சான்று தருவோம் என்று அழைப்போர் உளர். உண்மைச் சான்றளிக்கும் நிறுவனம் தானும் ஒரு மேலமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்கும். நம் நாட்டில் இந்தியத் தரக் கழகத்தின் கீழுள்ள என்.ஏ.பி.சி.பி. அத்தகைய மேலமைப்பு. சான்றின் மேல் அவ்வங்கீகார முத்திரை உண்டா, நம் கூடத்தின் முகவரியும் பொருளின் பெயரும் அதில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஊறுகாய்க்குப் பெற்ற சான்று பழச்சாற்றுக்குச் செல்லாது. ஆலோசனை கூறுபவரே சான்றும் அளிப்பாராயின் அங்கே நிற்றலாகாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு அது விலக்கப்பட்ட செயல்.

உண்மையான தணிக்கையும் காவலுக்கு ஈடாகாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று பகரும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நிலக்கடலை ஆலை இருந்தது. 2008-இல் வெளித் தணிக்கையாளர் அதனை மிக உயர்ந்தது என்று மதிப்பிட்டார். அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும், அந்நிறுவனத்தின் கடலை விழுதில் இருந்த சால்மொனெல்லாக் கிருமியால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஒன்பது பேர் மாண்டனர். கிருமி இருப்பதை அறிந்தும் சரக்கை அனுப்பினர் என்பது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. 2015-இல் உரிமையாளருக்கு 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உயர்ந்த மதிப்பெண் அந்த ஒன்பது உயிர்களையும் காக்கவில்லை, உரிமையாளரையும் காக்கவில்லை.

சான்றின் எல்லைக்கு வெளியே நிற்கும் மற்றொன்று, வாங்கும் நாட்டின் சட்டம். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு என்னும் இரசாயனம் இருந்ததாகக் கூறி விற்பனையைத் தடுத்தன. நம் ஊறுகாய்க்கும் இத்தகைய படிப்பினை உண்டு. நாம் தாளிக்கும் கடுகும், ஊற்றும் நல்லெண்ணெயின் மூலமான எள்ளும், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமைப் பொருள்களாகப் பட்டியலிடப்பட்டவை. புட்டியின் மேல் அவற்றைத் தனித்துக் காட்டுதல் வேண்டும். அமெரிக்காவிலும் 2023 தொடக்கம் முதல் எள் அப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. சுவரில் பெருஞ்சான்று தொங்கினாலும் புட்டியின் சீட்டில் இவ்வொரு சொல் விடுபட்டால் சரக்குத் திரும்பி வரும். அதனினும் கொடியது, ஒவ்வாமை உள்ள ஒருவர் அறியாமல் உண்டுவிடுதல்.

இனி நம் அம்மையாருக்கு என்ன விடை கூறுவோம்? அவருடைய சரக்கு இன்று பங்காரப்பேட்டையிலும் தங்கவயலிலும் பெங்களூர்ச் சிறு கடைகளிலும் விற்கிறது. ஆகவே முதலில் பதிவோ உரிமமோ முறையாகப் பெற்று, 4-ஆம் அட்டவணையைத் தம் கூடத்தின் சுவரிலே எழுதி ஒட்டட்டும். தண்ணீரைச் சோதிக்கட்டும், பி.எச். கருவி ஒன்று வாங்கட்டும். நோட்டுப் புத்தகம் தொடங்கட்டும். சான்று எதுவும் கேளாமலே ஹாசப் முறையை ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். பெங்களூரின் பெரிய கடையோ விடுதியோ எழுத்தில் கேட்கும் நாளில், அந்த நோட்டுப் புத்தகமே ஐ.எஸ்.ஓ. 22000-க்கு அடிப்படையாக அமையும். இலண்டன் வணிகர் உண்மையாகவே ஒப்பந்தத்தோடு வருவாராயின், அப்போது பி.ஆர்.சி.யைப் பற்றி எண்ணலாம். இடைக்காலத்தில், ஏற்கெனவே அச்சான்று பெற்ற ஆலை ஒன்றில் தம் செய்முறைப்படி செய்வித்து அனுப்புவதும் ஒரு வழியே. அண்ணன் மகன் சொன்னது தவறன்று. வணிகர் சொன்னதும் தவறன்று. அவர்கள் சொன்ன காலம் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதோ தொடக்கத்துக்குப் பொருந்தும், அதுவே முடிவாகாது.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுள் பலர் இதே தொழிலில் உள்ளவர்கள். பம்பாய்த் தாராவியில் விடியுமுன் இட்லி அவிப்போர் உளர். பெங்களூரில் மாவு அரைத்து விற்போர் உளர். தில்லியில் முறுக்குச் சுற்றுவோர் உளர். ஊர் விட்டு ஊர் சென்ற நமக்கு நம் நாவின் சுவை ஒரு மூலதனம். மொழி அறியாத அயலாரும், முன்பின் அறியாத நம் கையிலிருந்து உணவை வாங்கிக் குழந்தைக்கு ஊட்டுகின்றனர். அந்த நம்பிக்கைக்கு நாம் எழுதித் தரும் விடையே சான்றிதழ். விடையை முதலில் அடுக்களையில் எழுதுவோம். காகிதத்தில் எழுத வேண்டிய காலம் வரும்போது, எந்தக் காகிதம் என்பதை வாங்குபவரே நமக்குச் சொல்லிவிடுவார்.